பழைய ஸ்போர்ட்ஸ் காரோடு முதல் டிராக் டே: சேலத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் ரேஸ் டிராக் கிடையாது. "அதான் ஏற்காடு ரோடு இருக்கே" என்று சிரிக்கிற நண்பர் ஒருவர் எல்லோருக்கும் இருப்பார். அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். ஏன் என்பது கீழே வருகிறது. வேகமாக ஓட்டிப் பார்க்க வெளியூர்தான் போக வேண்டும். ஆனால் பழைய காரை அதற்குத் தயார் செய்ய நம்ம ஊர் அருமையான ஊர். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று சுற்றுவட்டாரம் முழுக்க லாரியும் போர்வெல் வண்டியுமாக இருப்பதால், ரேடியேட்டர் கடை, லேத் பட்டறை, பிரேக் லைனிங் ஒட்டுகிறவர், ஹோஸ் பைப் போட்டுத் தருகிறவர் என்று எல்லாக் கைவேலைக்காரர்களும் பக்கத்திலேயே கிடைப்பார்கள். "பார்ட் வரலை சார்" என்று மற்ற ஊரில் கைவிரிக்கிற வேலை சிலதை இங்கே மதியத்துக்குள் முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

பதினைந்து இருபது வயதான காரை வைத்துக்கொண்டு, ரேஸில் ஜெயிக்க வேண்டும் என்றில்லாமல், ஒரு நாள் டிராக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு அதே காரில் வீடு திரும்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேகத்துக்குச் செலவு செய்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதல் காசு பிரேக்குக்கு, அடுத்தது கூலிங்குக்கு, அப்புறம் டயருக்கு. எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், ஸ்டிக்கர் எல்லாம் வரிசையில் நிற்கட்டும்.

எங்கே ஓட்டுவது

நமக்குப் பக்கம் கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003-ல் திறந்தார்கள். ஃபார்முலா மாருதி என்ற சின்ன ரேஸ் காரை உருவாக்கி, பணக்காரர் அல்லாதவர்களுக்கும் இந்த விளையாட்டில் வழி திறந்துவிட்ட கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். டிராக் குட்டையானது, வளைவுகள் அடுத்தடுத்து வரும். பவர் குறைந்த காருக்கும் புதிதாக வருகிறவருக்கும் இதுவே தோது.

இன்னொன்று சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது. 1990-லிருந்து ஓடுகிறது, ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். நேர்ப்பாதை நீளம் என்பதால் காரின் வேகம் ஏறும். வேகம் ஏறினால் பிரேக்குக்கு வேலையும் ஏறும். அங்கே இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ போகலாம்.

டிராக் டே என்பது ரேஸ் அல்ல. யாராவது ஒரு கிளப்போ பயிற்சி நிறுவனமோ டிராக்கை வாடகைக்கு எடுத்து, பணம் கட்டியவர்களைக் குழுக்களாகப் பிரித்து, பதினைந்து இருபது நிமிடம் வீதம் ஓட்ட விடுவார்கள். யார் முதல் என்ற கணக்கு இல்லை. அதனால் ரேஸுக்குத் தேவைப்படும் எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) லைசென்ஸ் இதற்குப் பொதுவாகக் கேட்பதில்லை; வழக்கமான டிரைவிங் லைசென்ஸ் போதும். புதியவர் குழு தனியாக உண்டா, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர ஆள் உண்டா என்ற இரண்டையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இரண்டும் இல்லை என்றால் அந்த நாளை விட்டுவிடலாம். அதற்கு முன் ஏதாவது ஒரு கார்ட்டிங் டிராக்கில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் போனால், வளைவில் கண் எங்கே போக வேண்டும் என்பது குறைந்த செலவில் பழகிவிடும்.

எந்தக் கார்

கையில் இருப்பதே நல்ல கார். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் சந்தையில் பழைய போர்ஷே பாக்ஸ்டர், பிஎம்டபிள்யூ இசட்4, மெர்சிடிஸ் எஸ்எல்கே எல்லாம் புது எஸ்யூவியின் விலைக்குக் கிடைக்கும்போது ஆசை வரத்தான் செய்யும். வாங்குகிற விலையைக் கட்டிவிடலாம். பிரேக்குக்கு ஒரு செட் டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) பேடும் (அதை அழுத்திப் பிடிக்கும் பட்டை) வரவழைக்கிற விலையைக் கேட்ட பிறகு முடிவெடுங்கள். கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் ஞாபகம் இருக்கிறதா? ஃபைபர் பாடி, இரண்டே சீட், ரெனோ இன்ஜின். பார்க்க அழகு, ஆனால் பாகம் தேடுவதே ஒரு தனிப் பொழுதுபோக்கு.

என் கட்சி வேறு. பழைய ஹோண்டா சிட்டி வீடெக், பாலியோ 1.6, ஆக்டேவியா ஆர்எஸ், பூந்தோ அபார்த் மாதிரியான கார்களில் ஒன்று. பெயரளவுக்கு ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று யாராவது மூக்கைச் சுளிக்கலாம். எஸ்டீமும் ஜென்னும் நம் ஊர் ராலிகளிலும் ரேஸ்களிலும் ஓடி வளர்ந்த கார்கள்தான். எடை குறைந்த கார் பிரேக்கையும் டயரையும் குறைவாகத் தின்னும், அதுவே பெரிய லாபம்.

மேல்மூடி திறக்கிற கார் என்றால் ஒரு விஷயம்: கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கிற ரோல் பார் இல்லாமல் பல இடங்களில் டிராக்கில் விட மாட்டார்கள். முன்கூட்டியே கேளுங்கள்.

காகித வேலை

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 15 வருடம் தாண்டிய கார் என்றால் ஆர்சி புதுப்பித்திருக்க வேண்டும். அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. வெளிமாநிலக் கார் என்றால் என்ஓசி இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து 'லிமிடேஷன்ஸ்' என்ற பகுதியைப் படியுங்கள்; ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காப்பீடு செல்லாது என்று எழுதியிருக்கும். டிராக்கில் தடுப்புச் சுவரில் இடித்தால் செலவு முழுக்க உங்கள் பாக்கெட்டில் இருந்துதான். இடித்தால் தாங்காது என்று தோன்றுகிற காரைக் கொண்டு போகாமல் இருப்பதே நல்லது.

பிரேக்

லாரி பிரேக்கிலேயே முப்பது வருடம் ஊறின ஒரு மேஸ்திரி, காரைக் கொண்டுபோய் நிறுத்தியதும் பானெட்டைத் திறக்கவே இல்லை. "தம்பி, ஓடறதைப் பத்தி அப்புறம் பேசலாங்க. நிக்குதான்னு பாத்தீங்களா?" என்றார். டிராக் டே பற்றி நான் கேட்ட அறிவுரைகளில் இதுதான் முதலிடம்.

ஒரு சின்னக் கணக்கு. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. ஒரு டன் எடையுள்ள கார் அந்த 1,200 மீட்டரை இன்ஜின் உதவி இல்லாமல் வெறும் பிரேக்கிலேயே இறங்கினால் (தயவுசெய்து யாரும் அப்படி இறங்காதீர்கள்), பிரேக் விழுங்க வேண்டிய சூடு கிட்டத்தட்ட 12 மெகாஜூல். அதே கார் டிராக்கில் 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 50-க்கு ஒருமுறை பிரேக் அடித்தால் 0.37 மெகாஜூல். சுற்றுக்கு நான்கு இடத்தில் இப்படி அடித்தால், எட்டுச் சுற்றில் ஏற்காடு மலை முழுவதையும் பிரேக்கிலேயே இறங்கியதற்குச் சமம். அந்த எட்டுச் சுற்று முடிய கால் மணி நேரம்கூட ஆகாது. ஊருக்குள் நன்றாகப் பிடிக்கிற பிரேக் டிராக்கில் ஆறாவது சுற்றில் கைவிடுவதற்குக் காரணம் இதுதான்.

கைவிடுவது இரண்டு விதம். பெடல் கல்லு மாதிரி கெட்டியாக இருக்கிறது, ஆனால் கார் நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. பெடல் மெத்தென்று தரைவரை போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி உண்டாகிவிட்டது. இரண்டாவதுதான் ஆபத்து. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும். புது டாட் 4 (பிரேக் ஆயிலின் தரக்குறி) ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் ஏறிய அதே ஆயிலுக்குத் தரக்கணக்கு வெறும் 155. பழைய காரில் நிப்பிளை (சக்கரத்தருகே பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகு) திறந்து முதலில் வருகிற ஆயிலை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். தேன் நிறத்தில் தெளிவாக வர வேண்டியது காபி டிகாக்ஷன் போல வரும். அது முழுவதும் வெளியே போய், புது நிறம் நான்கு சக்கரத்திலும் வரும்வரை ஏர் எடுக்க வேண்டும், அதாவது பெடலை மிதித்து மிதித்துப் பழைய ஆயிலையும் காற்றையும் நிப்பிள் வழியாக வெளியேற்ற வேண்டும்.

டாட் 4 போதும், 5.1 போட்டால் இன்னும் நல்லது. வெறும் '5' என்று எழுதியிருப்பது சிலிகான் வகை, அதை இவற்றோடு கலக்கவே கூடாது. சீல் உடைக்காத புது டப்பா வாங்குங்கள். பட்டறை மூலையில் பாதி திறந்து கிடக்கிற டப்பா வேண்டாம். ரப்பர் பிரேக் ஹோஸ்களை மடித்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் நான்கையும் மாற்றுங்கள். கேலிப்பரின் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பின்னில் கிரீஸ் காய்ந்து இறுகிப்போயிருப்பது பழைய கார்களில் சகஜம்; ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் அதுதான் காரணம். பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதுசு. டிஸ்க்கின் மேல் அழுத்தமான விரிசல் தெரிந்தால் லேத்தில் கொடுத்து மழிப்பதோடு நிறுத்தாமல் டிஸ்க்கையே மாற்றிவிடுங்கள்.

இன்ஜின் சூடு, ஆயில், பெட்ரோல்

சித்திரை வெயிலில் சேலத்தில் சிக்னலில் நின்று ஹீட் ஏறாத கார், டிராக்கில் ஏறாது என்று நினைக்க வேண்டாம். டிராக்கில் இன்ஜின் தொடர்ந்து உச்சச் சுழற்சியில் ஓடும். ரேடியேட்டரைக் கழற்றி ரேடியேட்டர் கடையில் கொடுத்து உள்பக்கம் சுத்தம் செய்து, லீக் டெஸ்ட் போடச் சொல்லுங்கள். மூடியைப் புதுசாக மாற்றுங்கள். அந்தச் சின்ன மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை என்றால் கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும். கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓடிய கார் என்றால் உப்புப் படிந்திருக்கும். கூலன்ட் மட்டும்தான் இனிமேல். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று ரசீது இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

இன்ஜின் ஆயில் மேல் குறி வரை இருக்கட்டும். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றை இழுக்கும், பேரிங் போய்விடும். பெட்ரோலும் பாதி டாங்குக்குக் கீழே இறங்க வேண்டாம், காரணம் அதேதான். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு அது ஆகாது. எரிபொருள் ஹோஸ்களைத் தடவிப் பார்த்து, பிசுபிசுப்போ வெடிப்போ இருந்தால் எத்தனாலுக்கான ஹோஸ் கேட்டு வாங்கி மாற்றுங்கள். டிராக்கில் தீப்பிடிப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

டயர்

பட்டன் நிறைய இருக்கிறதே என்று பழைய டயரை நம்பக் கூடாது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் ரப்பர் இறுகியிருக்கும், டிராக்குக்கு வேண்டாம். விலை உயர்ந்த ரேஸ் டயரும் முதல் முறைக்கு வேண்டாம். பிடிமானம் குறைந்த டயர் கீச்சிட்டு எச்சரிக்கும், மெதுவாக வழுக்கும். கற்றுக்கொள்ள அதுதான் நல்ல வாத்தியார். சக்கரத்தைத் தாங்கும் புஷ், பால் ஜாயின்ட் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அலைன்மென்ட் செய்ய வேண்டும். வரிசை மாறினால் காசு வீண்.

ஏற்காட்டில் ஒரு சோதனை ஓட்டம்

இப்போது மலைக்கு வருவோம். சேலம் பக்கம் 20 கொண்டை ஊசி வளைவு. பஸ், பால் வண்டி, காப்பித் தோட்டத்து ஆட்கள் ஏறிய வேன், குடும்பத்தோடு வருகிற பைக், நடுரோட்டில் குரங்கு. இங்கே டைம் போட்டு ஓட்டுகிறவனை எனக்குத் திட்டத்தான் தெரியும். வழக்கமான வேகத்தில் ஓட்டினாலே இந்தப் பாதை காரைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

வார நாளில் விடிந்த கையோடு ஏறுங்கள். ஏறும்போது ஏசியை அணைத்துவிட்டு வெப்பமானியைப் பாருங்கள். முள் நடுவைத் தாண்டித் தவழ்ந்தால் கூலிங் வேலை பாக்கி இருக்கிறது. வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது 'டக் டக்' சத்தம் வந்தால் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. இறங்கும்போது இரண்டாவது கியரில், தேவைப்படும் இடத்தில் மட்டும் பிரேக் தொட்டு வாருங்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அடிவாரத்தில் நிறுத்தி இறங்கி நான்கு சக்கரத்தையும் சுற்றி வாருங்கள். ஒரு சக்கரத்தில் மட்டும் கருகல் வாடை வந்தால் அந்தக் கேலிப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரேக் பெடல், மலை ஏறும்போது இருந்ததைவிட ஆழமாகப் போனால் பிரேக் ஆயில் வேலை முடியவில்லை, இன்னும் ஏர் இருக்கிறது. திரும்பப் பட்டறைக்கு. எல்லாம் சரி என்றால் தட்டுவடை செட் ஒன்று சாப்பிட்டுவிட்டு டிராக் டேக்குப் பணம் கட்டுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை

முழு முகம் மறைக்கிற ஹெல்மெட். எந்தத் தரம் வேண்டும் என்று ஏற்பாட்டாளரைக் கேளுங்கள். கார் ரேஸ் ஹெல்மெட்டின் உள்துணி தீயைத் தாங்கும், பைக் ஹெல்மெட்டில் அது கிடையாது. முழுக்கைப் பருத்திச் சட்டை, பேன்ட். நைலான் வேண்டாம், உருகி ஒட்டும். மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ. டார்க் ரெஞ்ச் (நட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்), காற்றழுத்தமானி, ஒரு டப்பா பிரேக் ஆயில், ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், கூலன்ட், மாற்றுப் பேட். கார் நின்றுபோனால் இழுக்க டோயிங் ஹூக் திருகி மாட்ட முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கார்களில் மரை துருப்பிடித்திருக்கும்.

காருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். கால்மிதி, தண்ணீர் பாட்டில், டிக்கியில் இருக்கும் ஜாக்கி, டேஷ்போர்டுப் பிள்ளையார் உட்பட. பிள்ளையாரை ஒட்டி வைத்திருக்கிறேன் என்பார்கள்; முதல் வளைவிலேயே அவர் பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவார். எலுமிச்சைக்கும் இதே விதி.

முந்தின நாளே கோவை போய்த் தங்குங்கள். பவானி, பெருந்துறை, அவிநாசி என்று விடியற்காலையில் விரட்டிப் போய், தூக்கக் கலக்கத்தில் ஹெல்மெட் மாட்டுவது நல்லதல்ல.

டிராக்கில்

காலையில் விளக்கக் கூட்டம் நடக்கும். பின்வரிசையில் நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம், கொடிகளைப் பற்றி அங்கேதான் சொல்வார்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாக உள்ளே வா. நீலம் என்றால் பின்னால் வேகமான கார், வழிவிடு. கறுப்பு உங்களைத்தான் கூப்பிடுகிறது. சிவப்பு-மஞ்சள் கோடு போட்டது வழுக்கல். கட்டம் போட்டது முடிவு. புதியவர் குழுவில், முன்னால் போகிறவர் கை காட்டினால்தான் முந்தலாம், அதுவும் நேர்ப்பாதையில் மட்டும்.

சீட்டை வழக்கத்தைவிட முன்னே தள்ளுங்கள். முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். கண்ணாடியை இறக்குங்கள், ஏசியை அணையுங்கள், போனையும்.

முதல் ஓட்டத்தில் வேகத்தை மறந்துவிடுங்கள். எங்கே பிரேக் அடிக்கிறோம், எங்கே திருப்புகிறோம், வளைவின் உள்விளிம்பை எங்கே தொடுகிறோம், எங்கே வெளியே விடுகிறோம் என்ற நான்கு இடங்களை ஒவ்வொரு வளைவுக்கும் கண்டுபிடிப்பதுதான் வேலை. பிரேக் முழுவதும் கார் நேராக இருக்கும்போதே. புதியவர்கள் எல்லோரும் செய்வது, வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு நடுவில் தடுமாறுவது. நுழையும்போது மெதுவாக நுழைந்து, கார் நிமிர நிமிர ஆக்சிலரேட்டரைக் கொடுங்கள். அடுத்த நேர்ப்பாதையில் நீங்கள்தான் வேகமாக இருப்பீர்கள். கண், முன்னால் போகும் காரின் டிக்கியில் நிற்கக் கூடாது. போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

பழைய காருக்கென்று இரண்டு எச்சரிக்கை. ஏபிஎஸ் இல்லாத காரில் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் கேட்காது. பெடலை ஒரு நொடி தளர்த்தி, சக்கரம் உருளத் தொடங்கியதும் மறுபடி அழுத்துங்கள். பாக்ஸ்டர் போல இன்ஜின் நடுவிலோ பின்னாலோ உள்ள காரில், வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டுவிட்டால் பின்பக்கம் வீசிக்கொண்டு வந்துவிடும். சுழலத் தொடங்கினால் கிளட்சையும் பிரேக்கையும் முழுக்க மிதித்து, நிற்கும்வரை விடாதீர்கள். இரண்டு சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டால் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்து உள்ளே ஏற முயல வேண்டாம். நேராகவே போய் வேகம் குறைத்து, மார்ஷல் (டிராக் ஓரம் கொடியோடு நிற்பவர்) சைகை காட்டிய பிறகு ஏறுங்கள்.

ஐந்தாறு சுற்று போதும், மீதி நேரம் இருந்தாலும் உள்ளே வந்துவிடுங்கள். கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டிக் காரை ஆறவிட வேண்டும். நிறுத்திய பின் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, சூடான டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டயரில் காற்று சூடேறி நாலைந்து பிஎஸ்ஐ கூடியிருக்கும், கூடினதை இறக்குங்கள். வீடு திரும்பும் முன் மறுபடி ஏற்ற மறக்காதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நட்டு இறுக்கம், ஆயில் அளவு. மதியம் பிரியாணி வேண்டாம், மோரும் தயிர் சாதமும் போதும். பிற்பகல் கடைசி ஓட்டத்தில்தான் ஆட்கள் அதிகம் இடித்துக்கொள்வது. உடம்பு களைத்திருக்கும், தைரியம் மட்டும் கூடியிருக்கும். களைப்பாக இருந்தால் அந்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு

திங்கட்கிழமை நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பேட் தடிமனை அளந்து, எத்தனை ஓட்டத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் போயிற்று என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஏர் எடுத்து, ஆயில் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கூலன்ட் குறைந்திருந்தால் எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்காமல் வெறுமனே ஊற்றி நிரப்பிவிட வேண்டாம். பேட் 4 மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால் புது செட்டுக்கு முதலில் ஆர்டர் போடுங்கள். வெளிநாட்டுக் காருக்கு அது வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அது கைக்கு வந்த பிறகு அடுத்த தேதிக்குப் பணம் கட்டலாம்.